வன்வன்

தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் நாய் ஆயாக் கொட்டகை வாசலில் வந்து நின்றதும், உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லோரும் “வன்வன், வன்வன்” என்று கத்தினோம். நாய் வாலை ஆட்டியது. அதன் பின்னால் துரையும் துப்பாக்கியோடு இரண்டு காவல்காரர்களும் நின்றார்கள். மலாயாவில் அவசரகாலம் அது. காட்டில் கம்யூனிஸ்டுகள் இருந்ததால், தன் தேயிலைக்குள்ளும் துரை தனியாக நடப்பதில்லை.

அம்மாக்கள் கொழுந்தெடுக்கப் போனபின் எங்களைப் பார்த்துக்கொண்டவரை ஆயா என்றே அழைத்தோம். போருக்கு முன்னே திரிங்காப் என்ற மலையூரில் காய்கறித் தோட்டம் போட்ட ஒரு ஜப்பான்காரர் வீட்டில் அவர் பிள்ளை வளர்த்தவர். நாய் வன்வன், பூனை ஞாஞா, மாடு மோமோ. எது எப்படிக் கத்துகிறதோ அதுவே அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பெயர் என்பார். அவர் வாயிலிருந்து எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. வேறு பாஷை என்று எங்களுக்குத் தெரியாது.

துரைக்குத் தெரிந்தது. போரின்போது சயாமில் ஜப்பான்காரர்களிடம் கைதியாகக் கிடந்து ரயில்பாதை போட்டவர் அவர்.

“யார் சொல்லிக் குடுத்தது?” என்று தமிழிலேயே கேட்டார். குரல் உயரவில்லை.

“நான்தாங்க தொர. நாய் அப்படித்தானே கத்துது,” என்றார் ஆயா.

துரை நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தார். அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் காலை கங்காணி வந்தார். “இனி நீ கொழுந்துக்குப் போ. காட்டோர மலைக்கு.”

எல்லோரும் போக அஞ்சிய மலை. ஆயா சரி என்றார். தொட்டிலில் கிடந்த குழந்தைக்குத் துணி மாற்றிவிட்டுக் கிளம்பினார். அழவில்லை. நாங்களும் அழவில்லை.

அன்று மாலை தொழிலாளர் லயத்தில், எங்கள் வீட்டில், நான் “வன்வன்” என்றதும் அம்மா வாயிலேயே அடித்தார். “போலீஸ்காரன் பிடிச்சிட்டுப் போயிடுவான்லா. வாய மூடு.” மற்ற வீடுகளிலும் அதுவே நடந்திருக்கும். கொஞ்ச நாளில் எல்லாப் பிள்ளைகளும் நாய் என்றே சொன்னோம். இன்று என் பேத்தி நாயைக் கண்டு ‘டாகி’ என்கிறாள். வீட்டில் சிரிக்கிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன்.

ஆயாவைத் திரும்பக் கொட்டகைக்கு அழைக்கவே இல்லை. ஒருநாள் அவர் கூடையோடு இறங்கி வரும்போது கூடவே நடந்தேன். அந்த ஜப்பான் பிள்ளை எங்கே என்று கேட்டேன்.

“தெரியல. சண்ட முடிஞ்சுச்சு, கொண்டு போயிட்டாங்க.”

லயத்துக் கூரையில் காகம் உட்கார்ந்திருந்தது.

“அந்தப் பிள்ள இத என்னன்னு சொல்லும்?”

“கா கான்னுதான்,” என்றார் ஆயா. “இத நீ சொல்லலாம். யாரும் அடிக்க மாட்டாங்க.”