முறிந்த முனையைத் தேடி புளத்கொகுபிட்டியவுக்கு

கடந்த ஜூலையில் நான் புளத்கொகுபிட்டியவுக்குப் போனது தேயிலை மலை பார்ப்பதற்கல்ல. தோட்டத்து விபத்தொன்றுக்கு நட்டஈடு கோர, சத்தியக்கடதாசி பெறுவதற்கு. கேகாலையிலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து தோட்டம் ஆறு கிலோமீற்றர்; ஆட்டோவுக்கு 900 ரூபாய்.

"லோயர் ஐயா, இந்த ரோட்டுல வந்தா நல்ல முதுகே கழண்டுரும்," என்றார் ஓட்டுநர் நசீர். சிரித்தேன்.

கட்சிக்காரர் முனியாண்டி தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்து அறையில் குப்புறக் கிடந்தார். பன்னிரண்டு நாட்களுக்கு முன், தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்குப் போனவர், சரிவில் வழுக்கி மல்லாந்து விழுந்திருக்கிறார். கையிலிருந்து தெறித்து அடியில் சிக்கிய கத்தி நடுமுதுகில் இறங்கியது. கூட இருந்தவர்கள் பதறி அங்கேயே பிடுங்கிவிட்டார்கள். தோட்ட டிஸ்பென்சரியில் தையல் போட்டு அனுப்பினார்கள், எக்ஸ்ரே இல்லை. இப்போது வலது கால் மரத்துவிட்டது. தையலிலிருந்து தெளிந்த நீர் கசிந்தது.

"டிஸ்பென்சரியில வேர்வைங்கிறாங்க ஐயா. படுத்தே கெடக்கிற மனுசனுக்கு என்னா வேர்வை?" என்றார் மனைவி செல்வராணி.

சான்றுக்காகக் கத்தியைக் கேட்டேன்.

"அத தோட்டத்துல அன்னைக்கே மாத்தி புதுசு குடுத்துட்டாங்க. முனை ஒடஞ்சிருந்திச்சில்ல."

"முனை எங்கே?"

"அத யாரும் கேக்கலீங்களே."

சொற்களை நிறுத்து எழுதுவது என் தொழில். நிறுத்தே எழுதுகிறேன்: இது கவனயீனம் அல்ல, வெட்கக்கேடு. கத்தியின் குறையைக் கண்ட கண்களுக்கு மனிதனின் கால் தெரியவில்லை.

முனை உள்ளேயே இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன். "இவர என் ஆட்டோவுல ஏத்துனா நான் கொலகாரன் ஐயா," என்று நசீர் மறுத்தார். அவர் சொன்னதே சரி. ஒரு கதவைக் கழற்றி, அதில் முனியாண்டியை அசையாமல் கிடத்தி, நான் அழைத்த அம்புலன்ஸ் நின்ற பெரிய வீதிவரை ஆறு பேர் சுமந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயும் சி.டி.யும் எடுத்தார்கள். முள்ளந்தண்டுக்குள் நரம்பை அழுத்தியபடி இரும்பு முனை. உலோகம் இருக்கும்போது எம்.ஆர்.ஐ. கூடாது, காந்தம் அதை நகர்த்திவிடக்கூடும் என்றார் மருத்துவர். சத்திரசிகிச்சையில் முனையை எடுத்து, நீர் கசிந்த தண்டுவட உறையைத் தைத்தார்கள். கிருமித் தொற்றுக்கு மருந்தும் ஏற்றினார்கள்.

வலது கால்விரல்கள் இப்போது அசைகின்றன. நடப்பாரா என்பதற்கு மருத்துவர்கள் உறுதி தரவில்லை. ஆகவே நானும் தரவில்லை. வழக்கு நடக்கிறது.

இப்பக்கம் செல்வோருக்கு: மழைக்காலத்தில் அம்புலன்ஸ் தோட்டத்துக்குள் ஏறாது. உடம்பில் குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். அசையாமல் கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தோட்டத்துரைமாருக்கு: கத்தி முறிந்தால், புதியதைக் கொடுக்குமுன் முனையைத் தேடுங்கள். மண்ணில் இல்லையென்றால், அது மனிதனுக்குள் இருக்கிறது.