ஒச்சம்மா கேட்ட போஸ்ட்

நிக்கோபாரின் கட்சால் தீவில் சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த தகரக் குடியிருப்பில், பொழுது சாய்ந்தால் இருட்டில் வெளியே கால் வைக்கவே பயம். ரப்பர் பால் வெட்டும் ஒச்சம்மா, தெருவுக்கு ஒரு விளக்குக் கம்பம் கேட்டு மனுப் போட்டாள். அதை எழுதிக் கொடுத்த பக்கத்து வீட்டுச் சந்திரசேகர், "ஒரு போஸ்ட் வேண்டும்" என்று இங்கிலீஷில் எழுதிவிட்டான். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: எட்டாம் வகுப்புத் தேறாதவருக்கு வேலை கிடையாது.

ஒச்சம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அலுவலகத்துக்குப் போனாள்.

"வேல யாருங்க கேட்டா? போஸ்ட்டுதானே கேட்டேன்!"

"போஸ்ட் காலி நஹி," என்றார் வங்காளி குமாஸ்தா.

"ஐயோ சாமி, லைட்டு மாட்டுற கம்பங்க! கம்பம்!"

"அச்சா, கம்பா!" இந்தியிலும் அதற்கு அதே பேர்தான். முதலிலேயே சொல்வதற்கென்ன என்று அவர் கோபித்துக்கொண்டார்.

அடுத்த வாரமே கம்பம் நட்டார்கள், விளக்கும் எரிந்தது. மூன்று மாதம் இருட்டில் தடவியது வீண்தானே என்று ஒச்சம்மாவுக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை.