வெட்டாமல் விட்ட ஒரு வரி

செய்தி ராஜேஸ்வரி மிஸ்ஸின் எண்ணிலிருந்தே வந்தது. காலையில் கைபேசியைத் திறந்ததும் அவர் பெயரைப் பார்த்து, மறுபடியும் ஏதோ ஆலோசனை சொல்லப்போகிறார் என்று சிரித்துக்கொண்டேன். "அம்மா இன்று விடியற்காலை காலமாகிவிட்டார். நாளை டயகமவில் இறுதிக் கிரியை" என்று அவருடைய மகள் எழுதியிருந்தாள். உடம்புக்கு முடியாமல் இருந்தது தெரியும். ஆனாலும் பழக்கதோஷத்தில் "என்ன மிஸ் சொல்றீங்க?" என்று அந்த எண்ணுக்கே பதில் எழுதத் தொடங்கி, மேற்கொண்டு முடியாமல் வைத்துவிட்டேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அரசாங்க ஆவணக் காப்பகங்களுக்கு ஆலோசகராக இருந்தவர் அவர். ஊர் ஊராகப் போய், பழைய பதிவேடுகளை எப்படிக் காப்பது, தேடி வருபவர்களுக்கு எப்படிக் காட்டுவது என்று சொல்வார். சொல்வதோடு சரி, உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. நான் நுவரெலியாவில் ஒரு பதிவேட்டு அறைக்குப் பொறுப்பாக இருந்தேன். அவரைவிட ஆறு வயது மூத்தவன். யாராவது ஆலோசனை என்று வாயைத் திறந்தாலே எனக்கு ஆகாது.

முதல் தடவை வந்தபோது, அலுமாரிகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாளாகத் துடைத்து வைத்திருந்த எனக்குச் சுருக்கென்றது. தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிற ஆட்கள் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டார். நிற்பார்கள் என்றேன். பிறகு அவர் அனுப்பிய அறிக்கையில் முதல் ஆலோசனையே, ஒரு பெஞ்சு போடுங்கள் என்பதுதான். இதைச் சொல்ல ஓர் ஆலோசகரா என்று அலுவலகம் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். பெஞ்சு போடவில்லை. அடுத்த தடவை வந்தவர், நான் நீட்டிய நாற்காலியை வேண்டாமென்று சொல்லிவிட்டு, பகல் சாப்பாட்டு நேரம் வரைக்கும் வந்தவர்களோடு வரிசையில் நின்றார். என்னைக் குறைசொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளே எங்கிருந்தோ ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து போட்டேன்.

ஒரு மழைக்காலத்தில் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து செல்லம்மா வந்தார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அந்தத் தோட்டத்துப் பழைய பேர்ப்பதிவேடு எங்களிடம் இருந்தது. தன் அப்பாவின் பெயரைப் பார்க்க வேண்டும் என்றார். தேடி எடுத்து வாசித்தேன். பெயர், குடியிருந்த லயத்து எண், அதற்கு நேராகக் கிளாக்கர் எழுதியிருந்த ஒரே வார்த்தை: ஓடிப்போனவர்.

நடந்தது வேறு என்றார் செல்லம்மா. அடைமழையில் எட்டாம் நம்பர் தேயிலை மலைக்கு வேலைக்குப் போகும்போது அப்பாவை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது. உடம்பு கிடைக்கவில்லை. உடம்பு இல்லாததால் ஆள் ஓடிப்போனதாக எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து அவருடைய அம்மாவுக்கு ஓடிப்போனவன் பொண்டாட்டி என்பதே பெயராகிவிட்டது.

"எங்கம்மா அந்தப் பேரோடயே செத்துப்போச்சுங்கய்யா. வேற ஒண்ணும் கேக்கல. அந்த வரிய மட்டும் வெட்டி விட்டுருங்க."

எனக்குத் தாங்கவில்லை. பேனா மூடியைக் கழற்றிவிட்டேன். அன்று அடுத்த மேசையில் வேலையாக இருந்த மிஸ் எழுந்து வந்து, பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். "வெட்டாதீங்கண்ணே" என்றார்.

உங்களுக்குக் கடதாசிதான் பெரிது, மனுசர் பெரிதில்லை என்று கத்திவிட்டேன். அவர் செல்லம்மாவின் பக்கம் திரும்பினார். "இத வெட்டிட்டா, உங்கப்பாவுக்கு இப்படியொரு அநியாயம் செஞ்சாங்கன்னு காட்ட ஒண்ணுமே இருக்காதும்மா. இது இருக்கட்டும். பக்கத்துலயே நடந்ததையும் எழுதி வைப்போம்." தன் வார்த்தையை யார் நம்பப்போகிறார்கள் என்று செல்லம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை மிஸ் எனக்கு ஒன்று சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூடிய தோட்டமொன்றில் நனைந்து கிடந்த பதிவேடுகளைப் பார்த்து, வைத்திருக்கத் தகுதியற்றவை என்று எழுதிக்கொடுத்திருக்கிறார். எரித்துவிட்டார்கள். பிறகு அந்தத் தோட்டத்து ஆட்கள் தாய் தகப்பன் பெயரைத் தேடி வந்தபோது காட்ட எதுவும் இல்லை. "எழுதிக் கொடுத்தது நான்தாண்ணே" என்றார்.

அடுத்த வாரம் மிஸ் சொந்த லீவில் அந்தத் தோட்டத்துக்குப் பஸ் ஏறிப் போய், அன்று செல்லம்மாவின் அப்பாவோடு ஆற்றில் இறங்கிய ஒரு பெரியவரையும், கரையில் நின்று பார்த்த ஓர் அம்மாவையும் தேடிப் பிடித்தார். அவர்கள் சொன்னதை எழுதி, எழுதியதை வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கி வந்து என் மேசையில் வைத்தார். பதிவேட்டைக் கேட்பவர்களுக்கு இதையும் சேர்த்தே காட்ட வேண்டும் என்று நான் எழுத்தில் உத்தரவிட வேண்டுமாம். "நான் சொல்லத்தாண்ணே முடியும். கையெழுத்து ஒங்களோடது." அதற்கு விதி எதுவும் இல்லை. எனக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. நான்கு நாள் இழுத்தடித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். மேலிடம் விளக்கம் கேட்டபோது பதிலை அவரே எழுதித் தந்தார்.

செல்லம்மாவை வரவழைத்து இரண்டையும் வாசித்துக் காட்டினேன். திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார். இனிமேல் யாராவது தன் அம்மாவை அப்படிச் சொன்னால் கையைப் பிடித்து இங்கே கூட்டிவருவேன் என்றார். மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

டயகமவுக்குச் செல்லம்மாவும் பஸ் மாறி மாறி வந்திருந்தார். எல்லாம் முடிந்து படியிறங்கும்போது என்னை நிறுத்தினார். "மிஸ்ஸப் பத்தியும் எழுதி வைங்கய்யா. சாட்சிக்கு நான் கையெழுத்து வக்கிறேன்."

அதனால்தான் இதை எழுதினேன். முதலில் எழுதியபோது, எரித்த கதையை விட்டுவிட்டேன். செத்தவரைப் பற்றி அதை எதற்குச் சொல்வது என்றிருந்தது. பிறகு சேர்த்தேன். நல்லதோ கெட்டதோ, நடந்ததை வெட்டக் கை வராமல் போனதுதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அவரை நினைக்காத நாளில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பேனா எடுக்கும்போதெல்லாம் நினைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உடப்புசல்லாவைக்குப் போய்ச் செல்லம்மாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். எரித்த இடம் வந்ததும் என் குரல் தணிந்துவிட்டது. அதையும் சத்தமாகப் படிக்கச் சொன்னார். முழுவதும் கேட்டபின் பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, நிதானமாகக் கையெழுத்து வைத்தார்: முத்துசாமி மகள் செல்லம்மா.