கல்வாழைக்குக் கட்டிய துணி

எதிர்வீட்டுக் கல்வாழை மொட்டு விட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ரங்கூனில் வெள்ளைக்காரத் துரை வீட்டில் அப்பா தோட்டக்காரர். தோண்டியெடுத்த கல்வாழைக் கிழங்குகளில், எது என்ன பூ என்று தெரிய, அந்தந்த நிறத்துத் துணியைக் கட்டிவைப்பார். எனக்கு அப்போது ஏழு வயது. சிவப்புத் துணிகளை அவிழ்த்து என் பொம்மைக்கு லுங்கி கட்டினேன். பிறகு பயந்துபோய், வெறுங்கிழங்குகளில் மிச்சமிருந்த மஞ்சள் துணியைக் கட்டிவிட்டேன்.

துரைசானி வாசலுக்கு மஞ்சள் மட்டுமே கேட்டிருந்தாள். மொட்டு விரியும்வரை தினமும் பத்துத் தரம் ஓடிப்போய்ப் பார்த்தேன். மூன்று செடிகள் சிவப்பாகப் பூத்தன.

துரைசானி கத்தினாள். அப்பா என் கையிலிருந்த பொம்மையைப் பார்த்தார்.

"எனக்குச் செவப்பு, மஞ்ச வித்தியாசம் தெரியாதுங்க தொரசானி," என்றார்.

அன்றே வேலை போனது. வீட்டுக்கு வரும் வழியில், "பொம்மைக்குச் செவப்புதான் எடுப்பா இருக்கு பாப்பா," என்றார்.

எதிர்வீட்டு மொட்டு இன்னும் விரியவில்லை.