பெட்டிக்காரர் அழுத்திய சரி

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஆபீஸில் பெட்டிக்காரர் என்று பெயர். அதே அறையில் நாலு மேஜை தள்ளி உட்கார்ந்து அதே வேலையைச் செய்கிறவன் நான். வீட்டில் அத்தான், ஆபீஸில் மற்றவர்களோடு சேர்ந்து பெட்டிக்காரர்.

ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதும் சின்னக் கம்பெனி எங்களுடையது. அவர் எழுதியதில் எதைத் தொட்டாலும் திரை நடுவே ஒரு பெட்டி குதிக்கும். ‘சேமிக்கவா?’ அழுத்தினால், ‘நிச்சயமாகச் சேமிக்கவா?’ அதையும் அழுத்தினால், ‘சேமிக்கப்பட்டது.’ அதற்கும் ஒரு ‘சரி’ பொத்தான்.

“எதுக்கு அத்தான் இத்தனை?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, நம்ம மேல பழி வராதுல்ல?”

புத்தி போகிற போக்கைப் பாருங்கள். அடுத்தவர் தப்புச் செய்யக் கூடாதே என்ற அக்கறை இல்லை, தன் தோல் தப்பினால் போதும். வீட்டிலும் அதே கதைதான். பால் பொங்கி வழிந்தாலும் அக்கா தலையில்தான் விடியும்.

அக்காவுக்குத் தொண்டை வலி வந்தது. அவருடைய மென்பொருள் ஓடும் ஆஸ்பத்திரிக்கே மூன்று பேரும் போனோம். மருந்துக் கவுன்டரில் நல்ல கூட்டம். அங்கிருந்த பெண் ஒவ்வொரு பெட்டியாகப் படித்து மூடிக்கொண்டிருந்தாள். அத்தானுக்குப் பொறுக்கவில்லை.

“எழுந்திரும்மா, நானே போட்டுக்கறேன். இது நான் எழுதினது.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, வரிசையில் நின்றவர்களிடம் தன் பெருமையை அளந்தபடி பட்பட்டென்று என்டரைத் தட்டினார். தான் எழுதியதைத் தானே சோதித்துப் பழகிய விரல், பெட்டி முழுதாக விரிவதற்குள் மூடிவிடும். நடுவில் ஒன்று சிவப்பாக வந்து போனது. டாக்டர் எழுதிய மாத்திரை அக்காவுக்கு ஒத்துக்கொள்ளாது என்ற எச்சரிக்கை அது. அதையும் தட்டிவிட்டார்.

அக்கா அங்கேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். வாசலைத் தாண்டுவதற்குள் உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடினோம். நல்லவேளை, பிழைத்துவிட்டாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி மேனேஜர் அந்தக் கவுன்டர் பெண்ணை அக்காவின் கட்டில் அருகே கூட்டிவந்தார். கம்ப்யூட்டர் அவள் பெயரில் திறந்திருந்ததால் தப்பு அவளுடையதாம்.

“இவங்களை இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடறேன் சார். நீங்க எழுதினதுதானே, எச்சரிக்கை வந்துச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.”

“வந்திருக்கு சார்,” என்றார் அத்தான். “கவுன்டர்ல இருந்தவங்க படிக்காம அழுத்தியிருக்காங்க.”

இருந்தவங்களாம்! எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தப் பெண் அழுதுகொண்டே இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். நான் பேசுவதற்குள் அக்கா முகத்திலிருந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கை இழுத்துவிட்டாள்.

“அழுத்தினது இவருதான். அந்தப் பொண்ணை எழுப்பி விட்டுட்டு இவருதான் உக்காந்தாரு.”

மேனேஜர் அத்தானை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணை வேலைக்குத் திரும்பிப் போகச் சொன்னார். அப்போதாவது மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்த நான் ஒரு மடையன்.

“நீயும் பக்கத்துலதானே நின்னே?” என்றார் அக்காவிடம். “மாத்திரை பேரைப் பாத்துட்டுப் போட்டிருக்கலாம்ல?”

அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“தம்பி, இங்கேருந்து விட்டதும் உன் வீட்டுக்கே என்னைக் கூட்டிட்டுப் போயிடுடா,” என்றாள்.