ஆறு மணி பஸ்ஸும் எட்டு மணி மருந்தும்

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் யார் அதிக நேரம் முறைப்பாடு சொல்கிறாரோ அவரே அடுத்த வருடத் தலைவர். வாக்கெடுப்பு என்று ஒன்று பெயருக்கு நடக்கும். ஆனால் எல்லோரும் மனதுக்குள் மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் அந்த வருடம் நாற்பது நிமிடம் பேசினேன். நடுவில் இரண்டு தரம் மேசையில் குத்தினேன். பேசி முடித்துத் தண்ணீர் குடிக்கக் குனிந்தேன், நிமிர்ந்தபோது கைதட்டிக்கொண்டிருந்தார்கள். என் பேச்சுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். ஒரு மாலையும் வந்த பிறகுதான் விளங்கியது.

சிறைச்சாலை மருத்துவர் சங்கம் என்றதும் ஏதோ பெரிய கட்டடமும் பெயர்ப்பலகையும் நினைவுக்கு வந்தால் அதை விட்டுவிடுங்கள். வடக்கில் சிறைகளுக்குப் போய்க் கிளினிக் நடத்தும் டொக்டர்மார் பதினொரு பேர். ஒரு இறப்பர் முத்திரை. ஒரு செயலாளர். அவர் முரசுமோட்டையில் பத்து ஏக்கர் வயல் செய்கிறவர், டொக்டராகவும் இருக்கிறவர். அந்த வரிசையில்தான் அவரே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார்.

நான் நாற்பது நிமிடம் கொதித்த விடயம் மிகச் சின்னது. நான் போகும் சிறையில் மருந்தறை எட்டு மணிக்குத் திறக்கும். நீதிமன்றத்துக்கு ஆட்களை ஏற்றும் பஸ் ஆறு மணிக்குப் போய்விடும். சிறை மறியலில் உள்ளவர்கள் மாத்திரைக் குளிசையைக் கையில் வைத்திருக்கக் கூடாது. பஸ் திரும்பி வர மருந்தறை பூட்டியிருக்கும். ஆகவே வழக்கு நாளில் ஒருவருக்கும் காலை மருந்தும் இல்லை, பின்னேர மருந்தும் இல்லை. இதில் யாரும் பிழை விடவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் வேலையை நேரத்துக்குச் சரியாகச் செய்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

உடையார்கட்டுக்காரர் ஒருவர், பிணை கிடைக்கும்வரை, அங்கே விளக்கமறியலில் இருந்தார். நாற்பது வயது, வலிப்புக்காரர். அனுமதியில்லாமல் மணல் ஏற்றிய உழவு இயந்திரத்தில் கூலிக்கு நின்றதுதான் வழக்கு. பிணை கொடுக்கக் கூடிய வழக்கு. ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் அவருடைய மனைவி பிணையாளிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நீதிமன்ற வாசலில் வந்து நிற்பார். ஒவ்வொரு தவணையும், பெயர் கூப்பிடுவதற்குச் சற்று முன்னர், மருந்து போடாத அந்த மனிதர் வலிப்பு வந்து விழுவார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். வழக்கு ஒத்திவைக்கப்படும். மூன்று தவணை இப்படியே போயிற்று. இரண்டு மஞ்சள் குளிசைக்காக ஒரு மனிதர் மாதக் கணக்கில் உள்ளே இருந்தார்.

நாலாவது தவணை ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, நான் தலைவராகி ஒரு வருடம் கழித்து வந்த ஆண்டுப் பொதுக்கூட்டம். தலைவராக எனக்கு இருந்த ஒரே திட்டம்: சிறை அத்தியட்சகரைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டு, மாலை போட்டு, வடை கொடுத்து, கடிதத்தை நீட்டுவது. வழக்கு நாளில் காலைக் குளிசையும் பின்னேரக் குளிசையும் ஒரு கடித உறையில் காவலரோடு பஸ்ஸில் போகலாம் என்று ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். ஒரு கடிதமும் தருவோம் என்று அழைப்பிலேயே எழுதியிருந்தோம், அவரும் வருகிறேன் என்றார். நான் முதல் நாளே சேலையை அயன் பண்ணி வைத்துவிட்டேன்.

கூட்டம் நடக்கும் மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போனது நான். வாசலில் ஒரு மேசை. மேசையில் வரவுப் புத்தகம். பக்கத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசின். சிறை வாசலிலும் இதே மேசை, இதே மாதிரிப் புத்தகம், இதே மாதிரிப் பேசின். வாரத்தில் இரண்டு நாள், எத்தனையோ வருடமாக, பெயரை எழுதி, நேரத்தை எழுதி, ஃபோனைப் பேசினுக்குள் வைத்து, கையை விரித்து நின்று பழகிய உடம்பு என்னுடையது. பெயரை எழுதினேன். நேரத்தை எழுதினேன். ஃபோனை வைத்தேன். கையையும் விரித்தேன். மண்டபக் காப்பாளர் பாவம், நான் ஏதோ தேகப்பயிற்சி செய்கிறேன் என்று நினைத்து விலகி நின்றார்.

எனக்குப் பின்னால் வந்த ஒன்பது பேரும் அதையே செய்தார்கள். ஒருவர்கூட, இது என்ன, இது கலியாண மண்டபமல்லவா என்று கேட்கவில்லை. கடைசியாகச் செயலாளர் வந்தார். வடை போடுவதற்கென்று அந்தப் பேசினைத் தன் வீட்டுக் குசினியிலிருந்து விடியவே கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனவரே அவர்தான். அவரும் தன் ஃபோனை அதற்குள் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

டொக்டர்மாரின் சாமான்கள் களவு போய்விடக் கூடாது என்று காப்பாளர் பேசினை அப்படியே தூக்கி இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அக்கராயனில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டார். இதுவும் ஒழுங்கான வேலைதான்.

பத்து மணி ஆயிற்று. பத்தரை ஆயிற்று. விருந்தினரைக் காணவில்லை. ஒரு தட்டில் மாலை, ஒரு தட்டில் வடை. எங்கேயோ ஒரு ஃபோன் அடித்தது. ஒருவரும் அசையவில்லை. சிறைக்குள் கிளினிக் செய்யும்போது வாசல் பக்கம் ஃபோன் அடிப்பது கேட்டபடியே இருக்கும், அதைக் காதில் போடாமல் இருப்பதும் எங்கள் தொழிலில் ஒரு பகுதி. மாலை வாடத் தொடங்கியது. அப்போதுதான், அத்தியட்சகர் ஐயாவுக்கு ஒரு கோல் எடுத்துப் பார்ப்போம் என்று கைப்பையைத் திறந்தேன். ஃபோன் இல்லை. பக்கத்தில் இருந்தவர் தன் சட்டைப்பையைத் தட்டினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் தட்டினார். பதினொரு டொக்டர்மாரும் எழுந்து நின்று தங்களைத் தாங்களே தட்டிச் சோதித்துக்கொண்ட அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு இப்போதும் புரையேறும்.

ஓடிப்போய் அலுமாரியைச் சுற்றி நின்றோம். உள்ளே ஒரு ஃபோன் அடித்து ஓய்ந்தது.

"இது என்ரை," என்றேன்.

அடுத்தது அடித்தது. செயலாளர் அலுமாரிக் கதவில் காதை வைத்தார். "இது என்ரை."

அடுத்தது பொருளாளருடையது. அடுத்தது உபதலைவருடையது. ஒன்று தவளை மாதிரி, ஒன்று கோயில் மணி மாதிரி, ஒன்று குழந்தை சிரிக்கிற மாதிரி. அந்தக் குழந்தைச் சிரிப்பு யாருடையது என்று கேட்டதும் எங்களுக்குள் மிகவும் முறைப்பான மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். நான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன். செயலாளர் மட்டும் கையைத் தூக்கினார்.

"பொறுங்கோ, பொறுங்கோ. தலைவர், செயலாளர், பொருளாளர், உபதலைவர்... இது எங்கட கடிதத்தலைப்பில நம்பரோட இருக்கிற வரிசையெல்லோ? அந்தத் தலைப்பில அழைப்பு போனது ஒரே ஒரு ஆளுக்குத்தான்."

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அத்தியட்சகர்தான் எடுக்கிறார். வர முடியாமல் ஏதோ நடந்திருக்கிறது. வியாழக்கிழமைக்கு இன்னும் நாலே நாள்.

வடை சுட வந்த சமையல்காரரிடம் ஒரு ஃபோன் இருந்தது. வாங்கினோம். யாருக்கு அடிப்பது? அத்தியட்சகரின் நம்பர் ஒருவருக்கும் தெரியாது. சிறையின் நம்பரும் தெரியாது. ஒருவருக்குத் தன் மனைவியின் நம்பரே முழுதாக வரவில்லை. எங்கள் மறியல் நோயாளிகளின் இலக்கங்களைக் கேட்டிருந்தால் ஆளுக்கு இருபது ஒப்பித்திருப்போம்.

"நேர போவம்," என்றேன். சிறை அரை மணித்தியால ஓட்டம். வெளியே வந்தால், மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த வான் எங்கள் எல்லாருடைய காரையும் மறித்துக்கொண்டு படலைக்குக் குறுக்கே நின்றது. சாப்பாட்டை இறக்கிவிட்டு எடுக்கிறேன் என்றார் சாரதி. இறக்க நேரமில்லை என்றேன். அப்ப ஏறுங்கோ என்றார். ஏறினோம். சோற்றுக் கிடாரத்துக்கு இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். செயலாளர் பாயாச வாளியை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு பள்ளத்துக்கும், "மெதுவா, மெதுவா, ஊத்துது" என்று அலறினார். நான் ஒரு கையில் மாலையையும் மறு கையில் கடிதத்தையும் வைத்துக்கொண்டு, சாரதியிடம், வேகமாக, வேகமாக என்று கத்தினேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அப்படியொரு உற்சாகமும் இருந்தது, மறைக்க மாட்டேன்.

சிறை வாசலில் சார்ஜன்ட் நின்றார். வருடக்கணக்காக எங்களைச் சோதித்து உள்ளே விடுகிற மனிதர். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் பேசினை நீட்டினார்.

"ஃபோனுகளை வையுங்கோ."

"இல்லை."

"டொக்டரிட்ட இல்லையோ?"

"ஒருத்தரிட்டயும் இல்லை."

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பட்டுச் சேலை, டை, மாலை, பாயாச வாளி. "பதினொரு டொக்டர்மார், ஒரு ஃபோனும் இல்லை. இதை நான் நம்போணும், என்ன?"

"அலுமாரிக்குள்ள பூட்டுப்பட்டுப் போச்சு, சார்ஜன்ட்."

"எந்த அலுமாரி?"

புத்தகத்தில் ஃபோன் என்ற கட்டத்தை வெறுமையாக விடக் கூடாதாம். கடைசியில் பதினொரு பெயருக்கும் நேரே அவரே 'அலுமாரி' என்று எழுதினார். ஒன்பதாவதை எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து ஜீப் வந்து நின்றது. பயணப்பையோடு அத்தியட்சகர் இறங்கினார்.

"உங்கள் எல்லாருக்கும் எடுத்தனான். ஒருத்தரும் தூக்கேல்ல. ஏதும் கோவமோ எண்டு நினைச்சன். கொழும்புக்குப் பயிற்சிக்கு வரச்சொல்லிக் காலமைதான் அறிவிச்சவை. ரெண்டு கிழமை. அதுதான் கடிதத்தை இங்க கொண்டு வாங்கோ எண்டு சொல்ல எடுத்தனான்."

மாலையை அவர் கழுத்தில் போட்டேன். எங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம் அந்த ஜீப்புக்குப் பக்கத்தில், வெயிலில், நின்றபடி ஆரம்பமாயிற்று. அவர் கடிதத்தை மாலையோடு நின்று வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"குளிசையைப் பஸ்ஸில ஆர் குடுக்கிறது?"

ஒரு வருடம் யோசித்து, நாலு தரம் திருத்தி எழுதிய கடிதம். இதைப் பதினொரு பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

அத்தியட்சகர் சார்ஜன்டைத் திரும்பிப் பார்த்தார். "வழக்குக்குக் கூட்டிக்கொண்டு போறது நீங்கள்தானே. நீங்கள் ஓமெண்டா நான் கையெழுத்து வைக்கிறன்."

"ஐயா, நான் காவல் பாக்கிறவன். மருந்து குடுத்து ஆளுக்கு ஏதும் நடந்தா என்ரை தலைதான் உருளும். ஏலாது."

உடனே எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒன்றாகக் கதைக்கத் தொடங்கினார்கள். மூளை, நரம்பு, மில்லிகிராம், பக்கவிளைவு. சார்ஜன்டின் முகம் இன்னும் இறுகியது. "எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்கோ" என்று நான் கத்தினேன். தலைவரான நாளிலிருந்து சங்கம் எனக்குக் கீழ்ப்படிந்தது அந்த ஒரு தரம்தான்.

"சார்ஜன்ட், அவர் விழேக்க நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

"எங்க நிக்கிறது? என்ரை கையோடதானே விலங்கு போட்டிருக்கும். அவர் விழுந்தா நானும் விழவேணும். மூண்டு தரமும் விழுந்தனான்." சட்டைக் கையை மடித்து மணிக்கட்டைக் காட்டினார். வெட்டு ஆறிய தழும்பு. "தலை சீமெந்தில அடிபடாமல் மடியில வைச்சுக்கொண்டு இருப்பன். அவரின்ரை மனுசி பக்கத்தில இருந்து அழும். நீதவான் எழும்பிப் போயிடுவார்."

"அந்த ரெண்டு குளிசையும் போட்டா அவர் விழமாட்டார்."

"உண்மையோ?"

"உள்ளுக்குள்ள இருக்கிற நாளில விழுறாரோ? இல்லையே. மருந்து போடுற நாளில விழுறதில்லை."

சார்ஜன்ட் அதை யோசித்துப் பார்த்தார். தான் இத்தனை நாளும் கண்ணால் கண்டதைத்தான் நான் சொல்கிறேன் என்பது அவருக்கு விளங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"உறையில எழுதித் தாருங்கோ," என்றார். "காலமை எது, பின்னேரம் எது எண்டு. பெரிய எழுத்தில."

அத்தியட்சகர் ஜீப் பொனட்டில் கடிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஒருவர் விசிலடித்தார். அந்த முறைப்பான மனிதர்தான். சோற்றை உள்ளே கொண்டுபோக விதி இல்லை, ஆகவே பிரதம விருந்தினர் மாலை போட்ட கழுத்தோடு ஜீப்பில் சாய்ந்து நின்று ஒரு கப் பாயாசம் குடித்துவிட்டுக் கொழும்புக்குப் போனார். நாங்கள் வேப்ப மர நிழலில் வானுக்குள்ளேயே இருந்து சாப்பிட்டோம். பின்னேரம் நாங்கள் மண்டபத்துக்குத் திரும்ப, காப்பாளர் கலியாண வீட்டிலிருந்து வந்து, வெற்றிலை போட்ட வாயோடு, சிரித்துச் சிரித்து அலுமாரியைத் திறந்தார்.

புதன்கிழமை பின்னேரம் நானே உறையைக் கட்டினேன். என் எழுத்து எனக்கே விளங்காது என்பதால் தாதியைக் கொண்டு எழுதுவித்தேன். வியாழக்கிழமை முழுக்க எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வந்த நோயாளிகள் எல்லோரிடமும் வலிப்பு இருக்கிறதா என்று கேட்டேன். ஒருவருக்குப் பல்வலி. பாவம், அவரிடமும் கேட்டேன்.

நாலரை மணிக்கு ஃபோன் அடித்தது. ஒரே மூச்சு வாங்கும் சத்தம். விழுந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"டொக்டர், நான்தான், சார்ஜன்ட். ஓடினனான், அதுதான் மூச்சு வாங்குது."

"ஏன் ஓடினீங்கள்? ஆளுக்கு என்ன?"

"ஆளுக்கு ஒண்டும் இல்லை. பேரைக் கூப்பிட எழும்பி நிண்டவர். பிணை கிடைச்சிட்டுது. கையெழுத்து வைச்சு, விலங்கைக் கழட்டி, மனுசியோட போயிட்டார். பிறகுதான் பாக்கிறன், பின்னேரக் குளிசை என்ரை பொக்கெற்றுக்குள்ள. ஓடிப்போனா பஸ் வெளிக்கிட்டுது. பின்னால கலைச்சுப் போய்த் தட்டி நிப்பாட்டினனான். மனுசியின்ரை கையில குடுத்து, மறக்காமல் போடச் சொன்னனான். நாளைக்குக் கிட்டடி ஆஸ்பத்திரியில போய்க் காட்டவும் சொன்னனான். சரிதானே?"

ஃபோனைக் காதில் வைத்தபடி தலையை மட்டும் ஆட்டினேன். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றேன்.

"டொக்டர், நிக்கிறீங்களோ? நாளைக்கு வழக்குக்கு ஏழு பேர். அதில ஒருத்தருக்குச் சீனி வருத்தம், ஒருத்தருக்குப் பிறஷர். அவையின்ரை உறைகளை இன்னும் தரேல்ல. பஸ் ஆறு மணிக்கு எண்டு தெரியும்தானே?"