பச்சைமலை இறக்கத்தில் நடந்து போனவர்

1. அப்பா, அம்மா, தம்பி, நான் நால்வரும் பச்சைமலை பார்த்துவிட்டு ஸ்ரீரங்கம் திரும்பிக்கொண்டிருந்தோம்.
2. குண்டும் குழியுமான இறக்கத்தில் அப்பா பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை.
3. பிரேக் சூடாகிப் புகைந்தது. காரை ஓரங்கட்டினோம். போனில் சிக்னல் இல்லை.

அப்போது மேலிருந்து ஒரு பெண் நடந்து வந்தார். புடவைமேல் ஆண்கள் சட்டை. தோளில் காய்ச்சலில் துவண்ட குழந்தை. அதன் உள்ளங்காலை அடிக்கடி சுண்டிக்கொண்டே இருந்தார். அது முனகியது.

"ஏம்மா, பாவம், அதைப் போய் சுண்டுறீங்க?" என்றாள் அம்மா.

"அழுதா முழிச்சிருக்குன்னு தெரியும்ங்க. துறையூர் ஆஸ்பத்திரி வரைக்கும் ஏத்திக்கிறீங்களா?"

"பிரேக் பிடிக்கலம்மா. ஆறட்டும், கூட்டிட்டுப் போறேன்," என்றார் அப்பா.

"எவ்ளோ நேரமாகும்?"

மெக்கானிக்கல் படித்தவள் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அரை மணியாவது ஆகும்ங்க," என்றேன்.

"அப்ப நான் நடக்கிறேன். பின்னாடி வந்தா ஏத்திக்கங்க."

அம்மா பைகளை டிக்கிக்கு மாற்றி, பின்சீட்டில் இடம் செய்தாள். பிரேக் ஆறியதும் ஜன்னல்களை இறக்கி, அழுகுரலுக்குக் காது கொடுத்தபடி மெதுவாக இறங்கினோம். அடிவாரம் வரை அவரைக் காணவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டோம், அப்படி யாரும் வரவில்லை என்றார்கள்.

ஸ்ரீரங்கம் வரும்வரை பின்சீட்டில் அந்த இடத்தில் அம்மா எதையும் வைக்கவிடவில்லை. குழந்தை என்ன ஆனது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.